ஒன்பதாம் பிரிவு

முதல் லோஞ்சில் மூதூரிலிருந்து வந்திருந்தாள்
சித்திரவேல் கோமளேஸ்வரி, கட்டைபறிச்சான்.
உட்துறைமுக வீதியில் எங்கள் அலுவலகம் திறக்குமுன்பே
படியில் நின்றாள்.
இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"கடன் குடுக்கிற கொம்பனிப் பெடியன் ஒருத்தன்
நேற்று வந்தவன்.
என்ட கிணறு பதினெட்டு அடி எண்டு அவனுக்குத் தெரியும்.
ஆவணியில வத்துறதும் தெரியும்.
மோட்டர் வாங்க எழுபதாயிரம் தாறனெண்டான்.
ஆழத்தை நான் சொன்னது உங்களுக்கு மட்டும்தான்."

எனக்குத்தான் சொன்னாள்.
கயிற்றில் கல் கட்டி இறக்கியது அவள்.
பதினோராம் கட்டத்தில்
18 என்று நீல மையில் எழுதியது நான்.
கீழே அவளுடைய கையொப்பம்.
அதற்கு மேலே, எறும்பு ஊர்ந்த மாதிரி
அச்சில் ஒரு வரி:
சேகரித்த நோக்கத்துக்கு மட்டும்.

கோப்பை எடுத்தேன்.
புரிந்துணர்வு ஒப்பந்தம், இருபத்திரண்டு பக்கம்,
மூன்று இலச்சினை.
ஒன்பதாம் பிரிவு சொல்கிறது:
தரப்பினர் தமக்குள் தகவலைப் பகிரலாம்,
தேவைப்படும் அளவுக்கு,
எழுத்திலான கோரிக்கையின் பேரில்.
மூன்றாம் தரப்புக்கு வெளிப்படுத்தலாகாது,
சட்டம் வேண்டினாலன்றி.

அந்த 'அன்றி'க்குள்
ஒரு லொறியைத் திருப்பலாம்.

பகிர்தல் நல்ல சொல் என்றுதான் நினைத்திருந்தேன்.
சோற்றைப் பகிர்ந்தால் பானை குறையும்,
கொடுத்தவனுக்குத் தெரியும்.
இது குறையவில்லை.
எங்களிடம் 18. பிரதேச செயலகத்தில் 18.
நீர்வழங்கல் சபையில், யாரோ தவறித் தட்டி, 81.
கையிலிருந்தது அப்படியே கையிலிருந்ததால்
கொடுத்ததாகவே ஒருவருக்கும் தோன்றவில்லை.

மின்னஞ்சல்களைப் பின்னோக்கிப் படித்தேன்.
பெப்ரவரியில் நாங்கள் செயலகத்துக்கு, முறையாக.
மார்ச்சில் செயலகம் ஒரு பயிற்சிப் பட்டறைக்கு,
"தங்கள் தகவலுக்காக."
பட்டறைக்கு ஒரு பங்காளர் இருந்தார்.
பங்காளருக்கு ஒரு வங்கி,
வங்கிக்கு ஒரு துணைக் கொம்பனி.
கொம்பனிக்கு, மோட்டார் சைக்கிளோடு, ஒரு பெடியன்.
ஒருவரும் திருடவில்லை.
எல்லாரும் "அன்புடன்" என்றே முடித்திருந்தார்கள்.

அச்சுப் பிசகிய பிரதிகள் சில
அன்று பின்வாசலில் கிடந்தன.
இந்த ஊர் மான்கள் கடதாசி தின்னும்.
பஸ் நிலையத்தில் டிக்கெட்டைத் தின்பவை
எங்கள் பட்டியலையும் தின்றன.
காவலாளி மஹ்ரூப் விரட்டப் போனவர்
பாவம் என்று விட்டுவிட்டார்.
மீட்க முடியாதபடி அழிக்கப்பட வேண்டும்
என்று ஒப்பந்தம் கேட்டபடியே அழிந்தவை
அவை மட்டும்தான்.

"திருப்பி வாங்கேலாதோ?"

கொழும்பிலிருந்து சட்ட ஆலோசகர்
போனில் இரண்டு தரம் சொன்னார்:
எழுத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம்.
அவர் குரல் அந்தச் சின்ன அறையில்
அவளுக்கும் கேட்டது.
அதுவும் ஒரு வெளிப்படுத்தல்தான்,
எந்தப் பிரிவில் வருமோ.

"யார் யாரிட்டப் போனதெண்டு எழுதித் தாங்கோ."

எழுதினேன்.
ஏழு நிறுவனம். பெயர், பதவி, திகதி,
தெரிந்த இடத்தில் தொலைபேசி இலக்கம்.
விரலை ஒவ்வொரு வரியிலும் நிறுத்திப் படித்தாள்.
"இதில நீங்க எங்க?"
முதலாவது, என்றேன்.
"உங்கட கிணறு எத்தின அடி?"
உவர்மலையில் வாடகை வீடு, குழாய்த் தண்ணி, என்றேன்.
"அதையும் போடுங்கோ."

போட்டேன்.
அவள் கேட்காமலே கீழே கையொப்பமிட்டேன்.

தாளை நாலாக மடித்துப் பேர்சுக்குள் வைத்தாள்.
எந்த நோக்கத்துக்கு என்று சொல்லவில்லை.
கேட்க எனக்கு உரிமை இருந்தது.
பத்தரை லோஞ்சுக்கு நேரமாச்சு என்று
இறங்கிப் போய்விட்டாள்.